கரியமில வாயுவும் குடும்பக் கணக்கும்

ஒரு குடும்பம் ஓராண்டில் எவ்வளவு அரிசி உண்டது, எத்தனை லிட்டர் பால் வாங்கியது, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு செலவிட்டது என்று கேட்டால், அவ்வீட்டார் ஏறக்குறையச் சரியாகவே விடை கூறிவிடுவர். அதே குடும்பம் எவ்வளவு கரியமில வாயுவை வாயுமண்டலத்திற் கலக்கச் செய்தது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் வீட்டிற்குப் புகைபோக்கியும் இல்லை. அதன் புகைபோக்கி பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அனல் மின்நிலையத்தில் நிற்கின்றது.

1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையின் மீது சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளவெடுக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் அது 420 பங்கைக் கடந்துவிட்டது. இதன் விளைவாகப் பூமியின் உஷ்ணம் உயர்வதையும் தட்பவெப்ப நிலை மாறுவதையும் பற்றிப் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அதனை மீண்டும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு குடும்பம் இதில் என்ன செய்யக்கூடும், அதற்கு அரசாங்கமும் ஆராய்ச்சியும் எவ்வாறு துணை நிற்கக்கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற மாநாட்டில், சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கைமுறை என்ற கருத்தை இந்தியா உலகின் முன் வைத்தது. 2022 அக்டோபர் 20-ஆம் தேதி குஜராத்திலுள்ள ஏக்தா நகரில், ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் குட்டெரெஸ் முன்னிலையில், அதுவே 'லைஃப்' என்னும் இயக்கமாகத் தொடங்கப்பெற்றது. இடையே, அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியா ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அளித்த திருத்திய உறுதிமொழிகளின் முதல் இனமாகவும் இக்கருத்து இடம்பெற்றது. எரிசக்திச் சிக்கனம் முதல் உணவு வரை ஏழு தலைப்புகளின் கீழ்ப் பொதுமக்கள் கைக்கொள்ளத்தக்க 75 செயல்களையும் இவ்வியக்கத்தார் தொகுத்துள்ளனர். பட்டியல் எளிமையானது, நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் அதில் எடை குறிக்கப்படவில்லை. துணிப்பையை எடுத்துச் செல்வதும், குளிர்சாதன யந்திரத்தை 24 டிகிரியில் வைப்பதும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டும் நல்லவையே. ஆனால் முன்னது குப்பையைக் குறைப்பது. பின்னது கரியமில வாயுவைக் குறைப்பது. கரியமில வாயுவைப் பொறுத்தவரை எச்செயலுக்கு எவ்வளவு எடை என்று தெரியாமல் முயல்பவர், சிறியதைச் செய்துவிட்டுப் பெரியதை விட்டுவிட நேரும். ஆகவே முதலில் எடைக்கற்களைத் தேடிக்கொள்வோம்.

மூன்று எடைக்கற்கள்

எரிதல் என்பது கரியானது பிராணவாயுவுடன் கூடுதலேயாகும். கரியணுவின் எடை 12. பிராணவாயு அணுவின் எடை 16. ஒரு கரியணு இரண்டு பிராணவாயு அணுக்களுடன் சேரும்போது மொத்த எடை 44 ஆகின்றது. அதாவது 12 கிலோகிராம் கரி முற்றிலும் எரிந்தால் 44 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகின்றது. எரிந்த பொருளைவிட எழுந்த வாயு எடையில் மிகுதி என்பது முதன்முறை கேட்போருக்கு வியப்பளிக்கலாம். மிகுதியான எடை காற்றிலிருந்து வந்ததாகும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோகிராம் அளவே. அது எரிந்தால் வெளிப்படும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோகிராம். இது முதல் எடைக்கல்.

சமையல் வாயு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகும். வீட்டிற்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் வாயு இருப்பதால், ஒரு சிலிண்டருக்கு 42 கிலோகிராம் என்று கொள்ளலாம். இது இரண்டாவது.

மூன்றாவது மின்சாரத்திற்குரியது. ஆயிரம் வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்து பிறக்கின்றது. நிலக்கரியால் மட்டும் ஒரு யூனிட்டை உண்டாக்கினால் ஒரு கிலோகிராமை ஒட்டிய கரியமில வாயு வெளிப்படும். நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றால் பிறக்கும் மின்சாரமும் கலந்து வருவதால் சராசரி குறைகின்றது. மத்திய மின்சார ஆணையம் இச்சராசரியை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகின்றது. அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோகிராமுக்குச் சற்று மேலாக உள்ளது. கணக்கின் எளிமை கருதி 0.7 என்றே கொள்வோம்.

விளக்கு மாறிய விதம்

டங்ஸ்டன் இழை கொண்ட குண்டு பல்பு உண்மையில் ஓர் அடுப்பு. ஒளி அதன் உபதொழில். அது உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகின்றது. எஞ்சியது உஷ்ணமாகக் கழிகின்றது. எல்.இ.டி. விளக்கில் சூடேறிய இழை இல்லை. அரைக்கடத்திப் படிகத்தினுள் எலெக்ட்ரான் ஒன்று தனக்குரிய வெற்றிடத்தில் வந்து விழும்போது, இழந்த சக்தி ஒளியாகவே வெளிப்படுகின்றது. சிவப்பும் பச்சையும் முன்னரே கிடைத்திருந்தன; நீல ஒளி கைவரப்பெறாமையால் வெள்ளை ஒளி எட்டாதிருந்தது. 1990-களின் முற்பகுதியில் அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவர் காலியம் நைட்ரைடு படிகத்தைக் கொண்டு பிரகாசமான நீல ஒளியைப் பெற்றனர். 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகின்றது.

ஆராய்ச்சி தன் பணியை முடித்த பின்னும் விளக்கு ஏழை வீட்டை எட்டவில்லை, காரணம் விலை. 2014 தொடக்கத்தில் அரசாங்க நிறுவனம் கொள்முதல் செய்த விலையே ஒரு விளக்குக்கு 310 ரூபாய். பத்து ரூபாய்க்குக் குண்டு பல்பு வாங்கும் ஒருவரிடம் சுற்றுச்சூழலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அவர் அதனை வாங்கப்போவதில்லை. வாங்காததில் தவறும் இல்லை. இந்த இடத்தில்தான் கொள்கை உள்ளே நுழைந்தது. 2015 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கப்பெற்ற 'உஜாலா' திட்டத்தின்படி, மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்த எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் கோடிக்கணக்கான விளக்குகளுக்கு ஒரே சமயத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. தயாரிப்பாளருக்குச் சந்தை உறுதியாயிற்று, போட்டி மிகுந்தது, விலை சரிந்தது. 2016-ஆம் ஆண்டில் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பல இடங்களில் நுகர்வோர் பத்து ரூபாயை மட்டும் முதலிற் கட்டிவிட்டு, மீதியை மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தவும் வழி செய்யப்பட்டது. மத்திய அரசாங்கம் விளக்குக்கென்று நேரடி மானியம் எதுவும் கொடுக்கவில்லை என்பது கருதத்தக்கது. இத்திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வீடுகளைச் சேர்ந்துள்ளன.

அரசாங்க மதிப்பீட்டின்படி இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 கோடி யூனிட் மிச்சமாகின்றது. நம் எடைக்கல்லைக் கொண்டு பெருக்கினால் மூன்று கோடி டன்னுக்கு மேல் வரும். இவ்வெண் ஒவ்வொரு வீட்டிலும் அளந்து கூட்டியது அன்று. எந்த விளக்கை எந்த விளக்கு மாற்றியது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற அனுமானங்களின் மேல் நிற்பது. அனுமானத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டாலும் பலன் பெரிதே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். விளக்கு மலிந்தால் மக்கள் இன்னும் அதிகமாக எரிக்கமாட்டார்களா? இந்த ஐயம் புதியதன்று. நீராவி யந்திரம் சிக்கனமடைந்தபின் இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறிற்று என்பதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் இதனை ஆராய்ந்தவர்களுள் பொருளாதார அறிஞர் ஜயஸ்ரீ ராய் குறிப்பிடத்தக்கவர். சூரிய விளக்குகள் அளிக்கப்பட்ட கிராம வீடுகள் உள்ளிட்ட இந்திய உதாரணங்களைக் கொண்டு அவர் எழுதிய ஆய்வுரை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிக்கனத்தால் மிஞ்சியதில் ஒரு பங்கு மீண்டும் செலவாகின்றது என்பது மெய். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கலில் படித்த குழந்தை இன்னும் ஒரு மணி நேரம் படிப்பதற்காகச் செலவாகும் மின்சாரத்தை வீண் என்று எவரும் எழுதமாட்டார். ஏற்கெனவே ஒளி நிறைந்த மாளிகையின் மதிற்சுவரைச் சுற்றி இரவு முழுதும் எரியும் அலங்கார விளக்கு வேறு. இவ்விரண்டையும் ஒரே பத்தியிற் கூட்டக்கூடாது.

மின்விசிறி ஏன் பின்தங்கியது?

விளக்கு மாறிய வேகத்தில் விசிறி மாறவில்லை. கணக்கைப் பார்த்தால் இது விந்தையாகவே தோன்றும். ஒரு குண்டு பல்பை எல்.இ.டி.யாக மாற்றினால் 51 வாட் மிச்சம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 93 யூனிட், அதாவது 65 கிலோகிராம் கரியமில வாயு. சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவு உண்கின்றது. 'பி.எல்.டி.சி.' எனப்படும் புதிய மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தருகின்றது. மிச்சம் 45 வாட். விளக்கைவிடக் குறைவுதான், ஆயினும் விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டில் 300 நாள் சுழல்கின்றது. ஆகவே 162 யூனிட், 113 கிலோகிராம். வாட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். சக்தியை நேரத்தால் பெருக்கினாலன்றிச் செலவு தெரியாது.

பழைய மோட்டாரில் சுழலும் பாகத்திற்கு வேண்டிய காந்தத்தன்மையை மின்சாரமே தூண்டி உண்டாக்க வேண்டும். அவ்வாறு தூண்டப்படும் மின்னோட்டம் கம்பிகளில் உஷ்ணமாகக் கரைகின்றது. புதிய மோட்டாரிலோ சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் வைக்கப்பட்டுள்ளது. எந்தக் கணத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் செல்லவேண்டும் என்பதைச் சிறிய எலெக்ட்ரானியச் சுற்று ஒன்று நிர்ணயிக்கின்றது. இழப்பு வெகுவாகக் குறைவதற்கு இதுவே காரணம். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லலாம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் விசிறியின் வேகத்தைக் குறைக்கும். மின்சாரத்தை அதே வீதத்திற் குறைக்காது. விசிறிக்குப் போகாத சக்தியில் ஒரு பகுதி அப்பெட்டியின் தடைக்கம்பியிலேயே சூடாகிப் போகின்றது. அதன்மேல் கை வைத்துப் பார்த்தவர்கள் இதனை அறிவர்.

யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி மிச்சமாகும். புதிய விசிறியின் விலை பழையதைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை இருப்பினும், கூடுதலாகக் கொடுத்த தொகை இரண்டாண்டிற்குள் திரும்பிவிடும். பின் ஏன் மக்கள் மாற்றவில்லை? விளக்கு ஈராண்டில் பழுதாகும். விசிறி இருபதாண்டு சுழலும். ஓடுகிற விசிறியைக் கழற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. வாடகை வீட்டில் விசிறியை வாங்குபவர் ஒருவர். மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். அடுக்குமாடி கட்டி விற்பவருக்கு மலிவான விசிறியே இலாபம். பல மாநிலங்களில் குறைந்த யூனிட்டுகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அந்த வீட்டாருக்குச் சிக்கனத்தால் பணமும் மிஞ்சாது. இவை எவையும் உபதேசத்தால் தீரும் தடைகள் அல்ல.

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் நிறுவப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம், 2006 முதல் மின்சாதனங்களுக்கு நட்சத்திரச் சீட்டு வழங்கி வருகின்றது. முதலில் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்த இச்சீட்டு, 2010-ல் குளிர்சாதன யந்திரம் முதலிய சில சாதனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மின்விசிறிக்கு அது 2023 ஜனவரியில்தான் கட்டாயமாயிற்று. சீட்டின் பயன் இருவகை. கடைக்கு வருபவருக்கு ஆண்டுச் செலவு கண்முன் தெரிகின்றது. தரத்தில் மிகவும் தாழ்ந்தவை சந்தைக்கே வராமற் போகின்றன. இரண்டாவதே பெரிது என்பது நம் கருத்து. சீட்டைப் படிக்காதவருக்கும் அதன் பலன் போய்ச் சேருகின்றதன்றோ? 2023 நவம்பரில் சேவை நிறுவனம் ஒரு கோடி சிக்கன விசிறிகளை மொத்தக் கொள்முதல் வழியே பரப்பும் திட்டத்தையும் அறிவித்தது. விளக்கில் வென்ற முறையை விசிறியிற் சோதிக்கும் முயற்சி அது.

விசிறியைப் பற்றி இவ்வளவு கூறியபின், செல்பேசியின் சார்ஜரைச் செருகியிலிருந்து எடுத்துவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பேசி பொருத்தப்படாமல் சும்மா இருக்கும் நல்ல சார்ஜர் ஒரு வாட்டில் சிறு பின்னமே உண்ணும். ஆண்டு முழுதும் விட்டாலும் ஓரிரு யூனிட். அதே சுவரில் தொலைக்காட்சியின் 'செட் டாப்' பெட்டி, திரை அணைந்த பின்னும், 10 வாட் அளவு உண்டுகொண்டிருப்பது உண்டு. நாளுக்கு இருபது மணி நேரம் அவ்வாறு கிடந்தால் ஆண்டுக்கு 73 யூனிட். அணைக்க வேண்டிய பொத்தான் எது என்பதைக் கணக்கே காட்டுகின்றது.

குளிர்ந்த அறை

வரும் ஆண்டுகளில் நம் நாட்டின் மின்சாரக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடிய சாதனம் குளிர்சாதன யந்திரமே. 2024 மே மாத இறுதியின் கடும் வெப்பத்தில் நாட்டின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட் என்ற அளவை எட்டியது. வெயில் கொல்லும் நாட்டில் குளிர்ச்சி ஆடம்பரம் என்று கூறிவிடுவது எளிது, சரியன்று. முதியோரும் நோயுற்றோரும் வெப்ப அலையில் உயிரிழக்கின்றனர். ஆகவே குளிர்ச்சி வேண்டும். அதனைக் குறைந்த செலவிற் பெறுவது எங்ஙனம் என்பதே கேள்வி.

ஒன்றரை டன் யந்திரம் மணிக்கு ஒரு யூனிட் அளவு உண்பதாகவும், கோடையில் 120 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடுவதாகவும் கொள்வோம். 960 யூனிட்; 670 கிலோகிராம் கரியமில வாயு. அறைக்கும் வெளிக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வெப்பம் உள்ளே கசியும். அதனை வெளியே இறைக்கும் வேலையும் கடினமாகும். கிணறு ஆழமாக ஆழமாக ஒரு குடம் நீருக்கு உழைப்பு மிகுவது போன்றதே இது. உஷ்ண அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு. 20-லிருந்து 24-க்கு உயர்த்தினால் 230 யூனிட், 160 கிலோகிராம். விசிறியை மாற்றியதைவிட இது அதிகம். செலவோ ஒரு காசும் இல்லை. மேலே விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலவே தோன்றும்.

2020 ஜனவரி முதல் நட்சத்திரச் சீட்டுப் பெற்ற அறைக் குளிர்சாதன யந்திரங்கள், இயக்கத் தொடங்கும்போது தாமாகவே 24 டிகிரியில் நிற்கவேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. விரும்புபவர் குறைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் மனித இயல்பு வைத்ததை வைத்தபடியே விடுவது. ஒரு பொத்தானின் தொடக்க நிலையை மாற்றியதன்மூலம், எவரையும் வற்புறுத்தாமல், பலருடைய பழக்கத்தை மாற்ற முயன்ற இவ்விதி பாராட்டத்தக்கது.

பலரும் அறியாத செய்தி ஒன்று யந்திரத்தின் உள்ளே அடைபட்டுள்ளது. வெப்பத்தைச் சுமந்து செல்லும் வாயுவே அது. இன்றைய யந்திரங்களிற் பெரிதும் காணப்படும் ஆர்-32 வாயு ஒரு கிலோகிராம் வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது 675 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். மேற்கண்ட 670 என்ற எண்ணை வாசகர் நினைவுகூரவேண்டும். கோடை முழுதும் யந்திரத்தை ஓட்டிய மின்சாரத்தின் கேடும், வீடு மாற்றும்போது அலட்சியமாகத் திறந்துவிடப்பட்ட ஒரு கிலோ வாயுவின் கேடும் ஏறத்தாழச் சமம். ஆர்-410ஏ என்ற வாயுவாயின் கேடு மும்மடங்கு. யந்திரத்தைக் கழற்றுமுன் வாயுவை வெளிப்பெட்டிக்குள்ளேயே இழுத்து அடைக்கும் முறைக்குத் தொழிலாளர் 'பம்ப் டவுன்' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அதனைச் செய்யும்படி கேட்பது வீட்டாரின் உரிமை. சில நிமிட வேலை. அடிக்கடி வாயு நிரப்ப நேர்ந்தால் எங்கோ கசிவு இருக்கின்றது என்பது பொருள். அடைக்காமல் நிரப்புவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும். 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி தருவதை ஓர் இலக்காகக் கொண்டது இதனாலேயே. 2037-38-க்குள் குளிர்ச்சிக்கான தேவையையே 20 முதல் 25 சதவீதம் வரை குறைப்பதும் அதன் இலக்கு.

தேவையை எப்படிக் குறைப்பது? கட்டடத்தின் வாயிலாக. வெயிலை விழுங்கும் கறுத்த தளத்தைவிட வெள்ளை பூசிய தளம் வெகுவாகக் குளிர்ந்திருக்கும். 2013-ஆம் ஆண்டில் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பின்னர்க் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் அதனுடன் இணைத்தது. தெலங்கானா 2023-ல் குளிர்க் கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. புதிய குடியிருப்புகளின் சுவர் வழியே எவ்வளவு வெப்பம் புகலாம் என்பதற்கு 2018-ல் வெளியான 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வரம்பு கட்டியுள்ளது. இவ்விதிகள் இன்று கட்டப்படும் வீட்டிற்கே உதவும். கட்டி முடித்த வீட்டின் சுவரை மாற்றுதல் கடினம். ஆகவே காலம் தாழ்த்துவதில் இழப்பு உண்டு.

அடுப்பும் சாலையும்

நீர் கொதிக்கத் தொடங்கியபின் நெருப்பைப் பெரிதாக்கினால் அதன் உஷ்ணம் உயர்வதில்லை. 100 டிகிரியிலேயே நிற்கும். மிகுதியான வாயு அனைத்தும் நீரை ஆவியாக்குவதிலேயே கழிகின்றது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 70 கிலோகலோரி போதும். அதே நீர் முழுவதையும் ஆவியாக்கவோ 540 கிலோகலோரி வேண்டும். மூடியின்றி வேகும் பருப்பு உண்ணும் வாயுவில் பெரும்பகுதி எங்கே போகின்றது என்பது இதனால் விளங்கும். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்து, கொதிநிலையை 120 டிகிரி வரை உயர்த்துகின்றது. முன்னரே ஊறவைத்த பருப்பாயின் நேரம் இன்னும் குறையும்.

சாலையைப் பற்றிய கணக்கு எளிது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் கரியமில வாயுவை விடுகின்றது. 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டி 46 கிராம். லிட்டர் டீசலுக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் நாற்பது பேர் சென்றால் ஒருவர் பங்கு 17 கிராம். காரில் நால்வர் சென்றால் ஒருவர் பங்கு இருசக்கர வண்டியைவிடக் குறைந்துவிடும். தனியே செல்பவரே முழுச் சுமையையும் ஏற்கின்றார். ஆனால் பஸ் வராத ஊரில் பஸ்ஸில் செல்க என்பது வெறும் சொல்.

யார் குறைப்பது?

சராசரியாக ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகின்றார். உலகச் சராசரி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அமெரிக்கரின் சராசரி ஏறத்தாழ ஏழு மடங்கு. மொத்த அளவில் இந்தியா உலகில் மூன்றாவது இடத்தில் நிற்பதும் உண்மையே. சராசரி என்பதோ பலரை மறைக்கும் திரை. மூன்று விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டாரிடம் குறைத்துக்கொள்ளும்படி கூறுவதற்கு எவருக்கும் நியாயமில்லை. அவர்களுக்கு இன்னும் ஒரு விசிறியும் ஒரு குளிர்ப்பெட்டியும் வேண்டும். அவை சிக்கனமானவையாகக் கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை. மூன்று அறைகளில் மூன்று குளிர்சாதனமும் வாசலில் இரண்டு காரும் உள்ள வீட்டாரிடமே குறைப்பதற்கு இடமுண்டு.

அரசாங்கங்களுக்கிடையேயான தட்பவெப்ப மாற்றக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், முதன்முறையாக மக்களின் தேவைக்கென்றே ஒரு தனி அதிகாரம் ஒதுக்கப்பட்டது. முன்னர்க் குறிப்பிட்ட ஜயஸ்ரீ ராய் அதன் ஒருங்கிணைப்பு ஆசிரியர்களுள் ஒருவர். தேவையைத் தவிர்த்தல், வேறு வழிக்கு மாற்றுதல், கருவியைச் செம்மையாக்குதல் என்ற மூன்றாலும், இறுதிப் பயன்பாட்டுத் துறைகளின் வெளியீட்டை 2050-க்குள் 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க இயலும் என்று அது கண்டது. இதனைத் தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் விளைவது என்று கொள்ளலாகாது. பஸ், நடைபாதை, கட்டட விதி, விலை ஆகியவை கூடவந்தால் விளைவது.

கட்டணச் சீட்டைக் கையிலெடுத்தல்

விரும்பும் வாசகர் தம் மின்கட்டணச் சீட்டை எடுத்து, யூனிட்டுகளை 0.7-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். மாதம் 200 யூனிட் செலவாகும் வீடாயின் 140 கிலோகிராம். இரண்டு மாதத்திற்கு ஒரு சிலிண்டர் என்றால் மாதத்திற்கு 21 சேரும். மாதம் 20 லிட்டர் பெட்ரோல் என்றால் 46. ஆக 207 கிலோகிராம். பிறகு ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும், அது ஓடும் மணியையும் எழுதிப் பெருக்கினால், முதல் மூன்று இடங்களில் நிற்பவை எவை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பள்ளி மேல்வகுப்பு மாணவருக்கு இது நல்ல பயிற்சி.

கூரையில் சூரியத் தகடு அமைக்க வாய்ப்புள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கலாம். ஒரு கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஆண்டுக்கு ஒரு டன் அளவு கரியமில வாயு தவிர்க்கப்படும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வழங்குகின்றது.

0.7 என்ற எண் நாள் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும். மாலை ஏழு மணிக்குமேல் நிலக்கரியே பெரும்பாலும் சுமையைத் தாங்கும். ஆகவே நீரேற்றும் மோட்டாரையும் துணி துவைக்கும் யந்திரத்தையும் பகலில் இயக்குவது, யூனிட் குறையாவிடினும், நிலக்கரியைக் குறைக்கும். 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்தில் கட்டணத்தைப் பத்து முதல் இருபது சதவீதம் வரை தாழ்த்தவும் உச்ச நேரத்தில் உயர்த்தவும் வகை செய்துள்ளன. நேரத்தைப் பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பின்னரே வீட்டாருக்கு இது நடைமுறைக்கு வரும். ஆண்டுச் சராசரியும் மாறிக்கொண்டே வருவதால், கணக்கிடுவோர் மத்திய மின்சார ஆணையத்தின் அவ்வவ்வாண்டு எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.